புது ஹார்ட் டிஸ்க்கில் பிளாக் சைஸ் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புது ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மட் செய்யும்போது 'அலோகேஷன் யூனிட் சைஸ்' என்று ஒரு வரி வரும். பலர் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். பார்க்கிறவர்களில் சிலர், பெரிய எண் என்றால் வேகம் கூடும் என்று நினைத்துப் பட்டியலின் கடைசி எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். டேட்டாவை எல்லாம் ஏற்றி முடித்த பிறகு இந்த எண்ணை மாற்ற வேண்டுமென்றால் டிஸ்க்கை அழித்துவிட்டுத்தான் மாற்ற முடியும். விண்டோஸோடு வரும் கருவிகளில் வேறு வழி கிடையாது. அதனால் முன்னாலேயே அரை மணி நேரம் செலவழித்து முடிவு செய்துவிடுங்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் டிஸ்க் தயார் செய்யக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள், பழைய வீட்டுப் பேரேடுகளையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து வைக்க நினைக்கும் குடும்பங்கள், சிறு அலுவலகங்கள். மூவரும் ஒரே 4 டிபி டிஸ்க்கைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் மூவருக்கும் சரியான எண் ஒன்றல்ல. உள்ளே போகும் ஃபைல்கள்தான் எண்ணைத் தீர்மானிக்கும், டிஸ்க்கின் அளவுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

பிளாக், கிளஸ்டர், அலோகேஷன் யூனிட் மூன்றையும் இந்த வேலைக்கு ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை, இடம் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு அது. பழனியிலோ ராமேஸ்வரத்திலோ நகரவிடுதிக்கு (நகரத்தார் தங்கும் விடுதி) ஒரே ஆள் போனாலும் ஓர் அறை முழுதும் அவருக்கென்று ஆகிவிடும் அல்லவா, அதே கணக்குதான். 2 கேபி ஃபைல் 128 கேபி பிளாக்கில் உட்கார்ந்தால் மீதி 126 கேபியை வேறு எந்த ஃபைலும் தொட முடியாது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் கணினியில் செருகியிருக்கும் மற்ற எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள், பென் டிரைவ்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் அவை 'டிஸ்க் 1', 'டிஸ்க் 2' என்று எண் போட்டுத்தான் தெரியும். ஒரே கொள்ளளவில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை தவறிப் பழையதை அழிப்பது மிகச் சுலபம். இந்த வேலையில் நடக்கும் பெரிய நஷ்டம் தப்பான டிஸ்க்கை ஃபார்மட் செய்வதுதான். பிளாக் சைஸ் தவறுகள் அதற்கு அப்புறம்தான்.

யூபிஎஸ் வேண்டும். பாதி ஃபார்மட்டில் கரண்ட் போனால் டிஸ்க் கெட்டுவிடாது, ஆனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழைய டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் நடுவில் போனால்தான் தலைவலி.

அப்புறம், டிஸ்க் கடைசியில் எங்கே இருக்கப் போகிறதோ அங்கேயே வைத்து ஃபார்மட் செய்யுங்கள். சில யூஎஸ்பி கேஸ்கள் டிஸ்க்கின் செக்டர் அளவை (டிஸ்க் ஒரு தடவையில் படித்து எழுதும் மிகச் சிறிய துண்டு) கணினிக்கு வேறு மாதிரி காட்டும். கேஸில் வைத்து ஃபார்மட் செய்த டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகக் கணினிக்குள் மாட்டினால், பார்ட்டிஷனே (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) இல்லாத வெற்று டிஸ்க் போலத் தெரியக்கூடும். அதைப் பார்த்துப் பதறி 'இனிஷியலைஸ்' அழுத்தாதீர்கள். பழைய கேஸுக்கே திருப்பி மாட்டினால் டேட்டா அப்படியே இருக்கும்.

2. உள்ளே போகப் போகும் ஃபைல்களை எண்ணுங்கள்

டேட்டா இப்போது இருக்கும் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறங்கள். எத்தனை ஃபைல், மொத்தம் எவ்வளவு என்று இரண்டும் அதில் இருக்கும். மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும்.

ஆனால் சராசரியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். பேரேடு ஸ்கேன் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் 30 எம்பி டிஃப் படம் ஒன்று, 8 கேபி சிறுபடம் ஒன்று, எழுத்துகளைப் பிரித்தெடுத்த 2 கேபி டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10 எம்பி என்று வரும். 'ஓ, எல்லாம் பெரிய ஃபைல்' என்று தோன்றும். உண்மையில் மூன்றில் இரண்டு ஃபைல்கள் பொடிப்பொடியானவை.

50,000 பக்கங்களுக்குக் கணக்குப் போடுவோம். டிஃப் படங்கள் 1.5 டிபி. சிறுபடமும் டெக்ஸ்ட்டும் சேர்ந்து 500 எம்பிதான். 4 கேபி பிளாக்கில் இந்தச் சின்ன ஃபைல்கள் சுமார் 600 எம்பி பிடிக்கும். 128 கேபி பிளாக்கில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பிளாக், அதாவது 256 கேபி. 50,000 பக்கத்துக்கு 12 ஜிபிக்கு மேல் போய்விடும். அரை ஜிபி சரக்குக்குப் 12 ஜிபி இடம்!

4 டிபி டிஸ்க்கில் 12 ஜிபி ஒன்றும் பெரிய இழப்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் டிஃப் படங்களை விட்டுவிட்டு இந்தச் சின்ன ஃபைல்களை மட்டும் 64 ஜிபி பென் டிரைவில் போட்டு உறவினருக்குக் கொடுக்கப் போனால் உறைக்கும். எதற்கும் ஃபைல்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தி, மேலேயும் கீழேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

3. எந்தெந்தக் கருவியில் செருகுவீர்கள் என்று எழுதுங்கள்

ஃபைல் சிஸ்டத்தை முதலில் முடிவு செய்தால்தான் பிளாக் சைஸுக்கு வர முடியும். ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் அனுமதிக்கும் எண்களும் டீஃபால்ட்டும் வேறு. புதியவர்கள் இந்த வரிசையைத்தான் அடிக்கடி மாற்றிச் செய்கிறார்கள்.

விண்டோஸ் கணினிகளில் மட்டும் ஓடும் என்றால் என்டிஎஃப்எஸ். 16 டிபி வரை அதன் டீஃபால்ட் 4 கேபி. லினக்ஸ் மட்டும் என்றால் எக்ஸ்ட்4, அதற்கும் வழக்கமாக 4 கேபிதான்.

மேக் கணினி நடுவில் வந்தால் யோசிக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் இது சகஜம். ஸ்கேன் செய்வது இங்கே விண்டோஸில், திறந்து பார்ப்பது கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனின் மேக்கில். மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. அவர் பார்க்க மட்டும்தான் போகிறார் என்றால் என்டிஎஃப்எஸ்ஸே போதும். இரு பக்கமும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்.

எக்ஸ்ஃபேட்டில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 32 ஜிபிக்கு மேல் போனால் விண்டோஸில் அதன் டீஃபால்ட் 128 கேபி. மேலே போட்ட 12 ஜிபி கணக்கு அங்கேதான் வரும். இரண்டாவது, அதற்கு ஜர்னல் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ கேபிளைப் பிடுங்கினாலோ என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டும் தங்கள் குறிப்பேட்டைப் பார்த்துக் கட்டமைப்பைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வசதி இல்லை. திரும்பக் கிடைக்காத குடும்ப ஆவணங்களின் ஒரே நகலை எக்ஸ்ஃபேட்டில் வைக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். மூல நகல் என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கட்டும், அனுப்பும் நகல் எக்ஸ்ஃபேட்டில் போகட்டும்.

ஃபேட்32 இந்த வேலைக்கு வேண்டாம். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டதும் அது நின்றுவிடும். கல்யாண வீடியோ ஒன்றுகூட அதில் முழுதாக நிற்காது.

சிசிடிவி டிவிஆருக்குள் வைக்கும் டிஸ்க் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். பெரும்பாலான டிவிஆர்கள் தங்கள் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளும், நீங்கள் கணினியில் செய்தது எல்லாம் அழிந்துவிடும்.

4. டிஸ்க்கின் செக்டர் அளவைப் பாருங்கள்

இப்போது விற்கும் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் 4,096 பைட் செக்டர்களில் எழுதுகின்றன. பழைய மென்பொருள்களுக்காக வெளியே மட்டும் 512 பைட் என்று காட்டிக்கொள்ளும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எஃப்எஸ்யூட்டில்' (fsutil) கருவியின் செக்டர் விவரம் கேட்டால் லாஜிக்கல் (வெளியே காட்டுவது), ஃபிசிக்கல் (உள்ளே இருப்பது) என்று இரண்டு எண்களும் வரும். லினக்ஸில் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) காட்டும்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் பிளாக், ஃபிசிக்கல் செக்டரைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 1 கேபி பிளாக் வைத்தால் என்ன ஆகும்? அதை மட்டும் எழுத டிஸ்க் முதலில் 4 கேபி செக்டரைப் படிக்கும், நடுவில் 1 கேபியை மாற்றும், தட்டு ஒரு சுற்று சுற்றி வரும்வரை காத்திருந்து திருப்பி எழுதும். 5,400 ஆர்பிஎம் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் நகலெடுக்கும்போது இது கூடிக்கொண்டே போகும். இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று 512 அல்லது 1,024-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் வேகத்தை இழக்கிறார்கள்.

5. எண்ணை முடிவு செய்யுங்கள்

கலவையாக இருந்தால் 4 கேபி. அலுவலகக் கணக்கு, ஆவணங்கள், போட்டோக்கள், ஸ்கேன், எல்லாம் இதில் அடங்கும். சந்தேகம் இருந்தாலும் 4 கேபிதான். டீஃபால்ட்டை மாற்ற உங்களிடம் தெளிவான காரணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தொடாதீர்கள்.

வீடியோ மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ்ஸில் 64 கேபி. ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் பையன்கள் கேட்பார்கள்: "அண்ணே, பெருசா வச்சா ஸ்பீடு கூடும்தானே?" கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். டிஸ்க் காலியாக இருக்கும்போது 40 ஜிபி வீடியோவைத் தொடர்ச்சியாக எழுதினால், 'இங்கிருந்து இதுவரை' என்று ஒரு சில வரிகளில் என்டிஎஃப்எஸ் குறித்துக்கொள்ளும். 4 கேபிக்கும் 64 கேபிக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரியாது. டிஸ்க் நிரம்பி, அழித்து எழுதி அழித்து எழுதி இடம் சிதறிய பிறகுதான் பலன். அதே 40 ஜிபி, 4 கேபியில் ஒரு கோடிக்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதற வழி உண்டு. 64 கேபியில் அதிகபட்சம் ஆறரை லட்சம். ஹெட் அங்குமிங்கும் ஓடும் வேலை குறையும். மூன்று கேமரா காட்சிகளை ஒரே நேரத்தில் ஏற்றும் ஸ்டுடியோவுக்கு இது உதவும். வீணாகும் இடமோ ஒன்றுமில்லை. 2,000 வீடியோ ஃபைலுக்குச் சராசரியாக 64 எம்பி.

ஆனால் எடிட்டிங் மென்பொருளின் கேஷ் ஃபோல்டரை அதே பார்ட்டிஷனில் வைக்காதீர்கள். அதில் ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல்கள் சேரும். முடிந்தால் அதை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள்.

64 கேபிக்கு ஒரு விலை உண்டு. என்டிஎஃப்எஸ்ஸின் கம்ப்ரஷன் 4 கேபி வரைதான் வேலை செய்யும். டெக்ஸ்ட் ஃபைல்களைச் சுருக்கி வைக்க நினைப்பவர்களுக்கு அந்த வசதி போய்விடும். பட்டியலில் 64 கேபிக்கு மேலும் 2 எம்பி வரை எண்கள் தெரியும். ஹார்ட் டிஸ்க்குக்கு அவை வேண்டாம். பழைய விண்டோஸ் அவற்றைப் படிக்காது, லாபமும் கிடையாது.

எக்ஸ்ஃபேட்டில் வீடியோ என்றால் 128 கேபியையே விட்டுவிடுங்கள். சின்ன ஃபைல்களும் போகும் என்றால் 32 கேபிக்கு இறங்கலாம். அதைவிட நல்ல வழி, சிறுபடங்களையும் டெக்ஸ்ட்டையும் பேரேடு வாரியாக ஜிப் செய்து அனுப்புவது. இடமும் வீணாகாது, நகலெடுக்கும் நேரமும் வெகுவாகக் குறையும்.

இன்னும் ஒன்று, பெரிய சேமிப்புப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. 4 கேபி பிளாக் கொண்ட என்டிஎஃப்எஸ் 16 டிபியைத் தாண்டி வளராது. இன்று 12 டிபி, நாளை இன்னும் இரண்டு டிஸ்க் சேர்ப்போம் என்று திட்டம் இருந்தால் இன்றைக்கே 16 கேபி வைத்துவிடுங்கள்.

6. பிரிப்பது

'இனிஷியலைஸ் டிஸ்க்' கேட்கும்போது, பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் இரண்டு முறைகளில் ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் முறை வழக்கமான டிஸ்க்குகளில் 2 டிபிக்கு மேல் பார்க்காது. 4 டிபி டிஸ்க்கில் பாதி காணோம் என்று வருபவர்களுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

4 டிபி டிஸ்க் விண்டோஸில் 3.63 டிபி என்று தெரியும். பிளாக் சைஸால் இடம் போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி ஃபார்மட் செய்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி 1,000-ஆல் பெருக்கிச் சொல்கிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

எத்தனை பார்ட்டிஷன்? பிளாக் சைஸ் பார்ட்டிஷனுக்கு ஒன்றுதான், ஃபோல்டருக்கு ஒன்று என்று வைக்க முடியாது. ஸ்டுடியோ என்றால் வீடியோவுக்கு 64 கேபியில் ஒன்று, ஆல்பம், பில், போட்டோவுக்கு 4 கேபியில் ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பது நியாயம். மற்றவர்களுக்கு ஒன்றே போதும். ஐந்தாறாகப் பிரித்தால் ஒன்றில் இடம் முட்டும், இன்னொன்றில் காலியாகக் கிடக்கும்.

பார்ட்டிஷன் தொடங்கும் இடம் 4,096-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இப்போதைய விண்டோஸும் லினக்ஸும் 1 எம்பி எல்லையில் தொடங்குவதால் தானாகவே சரியாக இருக்கும். எக்ஸ்பி காலத்து டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால்தான் சிக்கல். அவை 63-ஆவது செக்டரில், அதாவது 32,256-ஆவது பைட்டில் தொடங்கும். அது வகுபடாது. ஒவ்வொரு பிளாக்கும் இரண்டு செக்டர்களில் கால் வைத்து நிற்கும், எந்தப் பிளாக் சைஸ் வைத்தாலும் மெதுவாகவே ஓடும். பழைய டிஸ்க்கைக் குளோன் செய்யாமல், புதிதாகப் பிரித்து ஃபைல்களை மட்டும் நகலெடுங்கள்.

7. ஃபார்மட்

'நியூ சிம்பிள் வால்யூம்' வழிகாட்டியில் முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு அலோகேஷன் யூனிட். ஃபைல் சிஸ்டத்தை மாற்றினால் கீழே உள்ள பட்டியலும் மாறும், அதனால் 'ஃபினிஷ்' அழுத்தும் முன் அந்த எண்ணை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

வால்யூம் பெயரிலேயே எண்ணைச் சேர்த்துவிடுங்கள். 'வீடியோ64', 'ஆவணம்4' என்பது போல. அடுத்த வருஷம் வேறொருவர் அந்த டிஸ்க்கை எடுத்தாலும் எது எதற்கென்று புரியும்.

புது டிஸ்க்குக்கு முதல் தடவை 'குயிக் ஃபார்மட்' குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்வதுதான் என் வழக்கம். டிஸ்க் முழுக்க எழுதிப் பார்ப்பதால் கெட்ட செக்டர் இருந்தால் டேட்டா ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும், கடையில் மாற்றிக்கொள்ளலாம். விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுப் போங்கள். கணினி உறங்கிவிடாதபடி ஸ்லீப்பை அணைக்க மறந்துவிட வேண்டாம்.

8. லினக்ஸில் செய்பவர்களுக்கு

பிளாக் 4 கேபியே இருக்கட்டும். எக்ஸ்ட்4-இல் அதைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது, ஐநோடு எண்ணிக்கை. ஃபைலின் விவரங்களை எழுதி வைக்கும் சிறு பதிவுதான் ஐநோடு, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டும். டீஃபால்ட்டாக 16 கேபிக்கு ஒன்று என்று ஃபார்மட் செய்யும்போதே ஒதுக்கப்படும். ஒன்று 256 பைட். 4 டிபிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 62 ஜிபி இதற்கே போய்விடும்.

வீடியோ மட்டும் போகும் டிஸ்க்குக்கு 24 கோடி ஐநோடு எதற்கு? எம்கேஎஃப்எஸ் கட்டளையில் 'லார்ஜ்ஃபைல்' வகையைக் கொடுத்தால் 1 எம்பிக்கு ஒன்று என்று குறைந்து, 62 ஜிபி சுமார் 1 ஜிபியாகிவிடும். பிளாக் சைஸில் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் இவ்வளவு இடம் மிஞ்சாது. ஆனால் பேரேடு ஸ்கேன் போன்ற பொடி ஃபைல்கள் சேரும் டிஸ்க்கில் இதைச் செய்யாதீர்கள். ஐநோடு தீர்ந்தால் இடம் காலியாக இருக்கும்போதே 'இடம் இல்லை' என்று சொல்லும், பின்னால் கூட்டவும் முடியாது.

எக்ஸ்ட்4 ரூட்டுக்கென்று (லினக்ஸின் நிர்வாகிக் கணக்கு) 5 சதவீதம் ஒதுக்கி வைக்கும். 4 டிபியில் அது 200 ஜிபி. டேட்டா மட்டும் இருக்கும் டிஸ்க்கில் 1 சதவீதமாகக் குறைக்கலாம். இதை எப்போது வேண்டுமானாலும் 'டியூன்2எஃப்எஸ்' கொண்டு மாற்றிக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

9. சரிபார்த்துவிட்டு நிரப்புங்கள்

விண்டோஸில் 'செக்டிஸ்க்' (chkdsk) ஓட்டினால் கடைசி வரிகளில் ஒரு அலோகேஷன் யூனிட்டில் எத்தனை பைட் என்று வரும். 4096 அல்லது 65536, நீங்கள் நினைத்தது அங்கே இருக்க வேண்டும்.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் 2 கேபி அளவுக்கு டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றைப் போட்டு பிராப்பர்ட்டீஸ் திறங்கள். 'சைஸ்' 2 கேபி என்றும், 'சைஸ் ஆன் டிஸ்க்' ஒரு பிளாக் அளவும் காட்டும். ஒரே ஓர் எழுத்து மட்டும் தட்டிச் சோதிக்காதீர்கள். சில நூறு பைட்டுக்குள் அடங்கும் ஃபைலை என்டிஎஃப்எஸ் தன் அட்டவணைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், அப்போது 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 என்று தெரியும். அது கோளாறு இல்லை.

பிறகு, எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றாமல் ஒரு கல்யாணத்தையோ ஒரு பேரேட்டையோ மட்டும் முதலில் நகலெடுங்கள். அந்த ஃபோல்டரில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் மீதியை ஏற்றலாம். சின்ன ஃபைல்கள் மட்டும் உள்ள ஃபோல்டரில் கூடுதலாகத்தான் வரும், மொத்தத்தில் பாருங்கள். பல மடங்கு என்றால் அங்கேயே நிறுத்தி, இரண்டாம் படிக்குத் திரும்பி எண்ணிப் பார்த்து மறுபடி ஃபார்மட் செய்யுங்கள். ஏற்றிய ஒரு ஃபோல்டரைத்தான் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். எல்லாம் சரியாக ஏறி, இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு நகல் எடுத்து, அதிலிருந்து சில ஃபைல்களைத் திறந்து பார்க்கும்வரை பழைய டிஸ்க்கை அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.